சமையல்காரியைக் கூட்டிவரக் காஞ்சிபுரம் போனேன்

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் சாமி பார்க்க வருவார்கள், இல்லையென்றால் புடவை எடுக்க வருவார்கள். நான் ஆள் பிடிக்கப் போனேன்.

விஷயம் இதுதான். மலேசியாவில், கிள்ளானில் என் அண்ணன் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கல்லாவில் நான். சமையலறையில் சில வருடம் குமுதா இருந்தாள். காஞ்சிபுரத்துக்காரி, பட்டு நெய்கிறவர் ஒருவரின் மனைவி, மகளின் படிப்புக்காக மலேசியா வந்து உழைத்தவள். அவள் கைக்குச் சாம்பார் அப்படி வரும். ஒப்பந்தம் முடிந்து அவள் ஊருக்குக் கிளம்பிய பிறகு அண்ணன் ஆள் மாற்றி ஆள் வைத்துப் பார்த்தார். ஒருவர் சாம்பாரில் சீனி போட்டார். இன்னொருவர் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, கடை திறந்த நாளிலிருந்து வருகிற லாரிக்காரர் ஒருவர் கல்லாவுக்கு வந்து, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று என்னிடம் அக்கறையாக விசாரித்தார்.

அன்றைக்கே அண்ணன் முடிவு செய்துவிட்டார். நீ போ, எப்படியாவது பேசி அவளைக் கூட்டிக்கொண்டு வா, சம்பளம் கூட்டித் தருகிறேன், பெர்மிட்டுக்கும் சொல்லி வைத்துவிட்டேன் என்றார். எனக்கும் கசக்கவில்லை. போகிற இடம் காஞ்சிபுரம். ஆள் கிடைக்காவிட்டாலும் புடவை கிடைக்கும்.

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது குமுதாவும் அவள் கணவர் ஏகாம்பரமும் எனக்காகக் காத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பழைய மொபெட் நின்றது. ஆட்கள் மூன்று பேர், என்னுடைய பெட்டி ஒன்று, வண்டி ஒன்று. எங்கள் ஊரில் இது போலீஸ் கேஸ். இங்கே ஏகாம்பரம் என் பெட்டியை முன்னால் நிற்கவைத்து முழங்காலால் அணைத்துக்கொண்டார், குமுதா ஷேர் ஆட்டோவில் வருவதாகச் சொல்லிவிட்டாள், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். ஏகாம்பரம் அதிகம் பேசாத மனிதர். "புடிச்சுக்கோங்கக்கா" என்றார். அதுதான் அவர் என்னை வரவேற்றது.

வீட்டை நெருங்குகிற நேரத்தில் வண்டி இருமியது. பிறகு நின்றது. ஏகாம்பரம் பதறவில்லை. என்னை இறக்கிவிட்டு, பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, மொபெட்டை ரோட்டோரம் அப்படியே பக்கவாட்டில் படுக்கவைத்தார். குழந்தையைத் தூங்கவைப்பதுபோலக் கொஞ்ச நேரம் படுக்கவைத்து, நிமிர்த்தி, ஒரு உதை உதைத்தார். வண்டி எழுந்துகொண்டது! டேங்கின் மூலையில் ஒட்டிக்கிடக்கிற கடைசிச் சொட்டுகள் அப்படிச் செய்தால் கீழே இறங்குமாம். நான் கைதட்டினேன். அவர் வெட்கப்பட்டார்.

அடுத்த முக்கில் இருந்த பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி ஒரு நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். அவ்வளவுதான், அதற்கு மேல் இல்லை. எங்கள் ஊரில் பெட்ரோல் மலிவு. நாமே குழாயைப் பிடித்து நாமே ஊற்றிக்கொள்வோம். டேங்க் நிரம்பினால் குழாய் தானாக டக்கென்று நிற்கும். அந்த டக் சத்தம் கேட்காமல் நான் எந்த நிலையத்தை விட்டும் கிளம்பியதில்லை. ஏன் முழுசாக நிரப்பக்கூடாது என்று கேட்டேன். கோயிலை விலைக்குக் கேட்டவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"நெறைய ஊத்துனா நெறைய சுத்துவோம்கா" என்றார்.

அவர்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில். முன்கூடத்தை முழுவதும் தறி அடைத்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு ஒருக்களித்து நடந்தால்தான் வீட்டுக்குள்ளே போக முடியும். குமுதா எனக்கு முன்பே வந்து அடுப்பில் குக்கர் வைத்துவிட்டிருந்தாள். ஷேர் ஆட்டோ மொபெட்டை ஜெயித்துவிட்டது.

அன்று ராத்திரி அவள் வைத்த முருங்கைக்காய்ச் சாம்பாரை நான் சாப்பிட்ட கதையை விவரிக்கப் போவதில்லை. விவரித்தால் அண்ணன் படித்துவிட்டு அழுவார். சோற்றில் ஊற்றினேன், பிசைந்தேன், தலை நிமிரவில்லை. மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்ட பிறகுதான் வந்த வேலை நினைவுக்கு வந்தது. அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். சம்பளம், பெர்மிட், லாரிக்காரர் எல்லாம்.

குமுதா சிரித்தாள். பிறகு வெளியே கூட்டிக்கொண்டு போய் வீட்டுப் பக்கவாட்டில் போட்டிருந்த தகரக் கொட்டகையைக் காட்டினாள். உள்ளே நாலைந்து பிளாஸ்டிக் மேசை, சுவரோடு ஒரு பெரிய அடுப்பு, புது பெயின்ட் வாசனை. வாசலில் சாத்திவைத்திருந்த பலகையில் "குமுதா வீட்டுச் சாப்பாடு" என்று எழுதியிருந்தது. இத்தனை வருடம் யாருடைய கடைக்கோ ஆக்கிப்போட்டாகிவிட்டது, இனி என் கடைக்கு என்றாள். மூன்றாம் நாள் திறப்பு விழா.

என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"கோச்சுக்காதீங்கக்கா. கடை ஓடுனா நான் இங்கயே இருந்துடுவேன். ஓடலன்னா உங்க கூடவே கெளம்பிடறேன். பொண்ணு இன்னும் படிச்சு முடிக்கல, அவரு ஒருத்தரு தறியில ஒக்காந்து எவ்ளோதான் இழுப்பாரு?" என்றாள்.

பொண்ணு சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஏகாம்பரம் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. இந்தப் பேச்சு எடுத்தாலே எழுந்து தறிக்குப் போய்விடுவாராம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதும் முன்கூடத்தில் தறி ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் கோயிலுக்குக் கிளம்பினோம். நடக்கிற தூரம்தான். ஆனால் வெயில் பயங்கரமாக இருந்ததால் ஆட்டோ. இரண்டாவது தெருவிலேயே வண்டி நின்றது. தெருவின் நீளத்துக்கு, தறியில் ஏற்றப்போகிற பட்டு நூலைப் பாவாக இழுத்துக் கட்டி, ஒரு குடும்பமே இரண்டு பக்கமும் நின்று இழை இழையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. நீல நிறம். வெயிலில் அது மின்னியபோது எனக்கு அந்தப் புடவையை இப்போதே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எங்கள் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கவில்லை. உடனே எஞ்சினை அணைத்தார். பாவுக்குக் கொடுக்கிற மரியாதை என்று நான் நெகிழ்ந்துபோனேன். இல்லையாம், பெட்ரோல் விற்கிற விலைக்கு நிற்கும்போது எஞ்சினை ஓடவிடுகிறவன் பைத்தியக்காரனாம். பாவு சுருட்டப்படும்வரை அந்தத் தெருவிலேயே உட்கார்ந்து எரிபொருள் பற்றிய ஒரு சொற்பொழிவைக் கேட்டோம். கோயிலுக்கு நடந்தே போயிருந்தால் தரிசனம் முடிந்து திரும்பியிருக்கலாம்.

வரதராஜர் கோயிலில் மேற்கூரையில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் இருக்கின்றன. வரிசையில் நின்று ஏணிப்படி ஏறி அவற்றைத் தொட்டுக் கும்பிட வேண்டும். நானும் தொட்டேன். தொடும்போது குமுதாவின் கடை ஓடக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பின்னாலேயே அவள் ஏறி வந்து என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. பல்லிகளுக்கு அன்று தலை சுற்றியிருக்கும்.

வீட்டுக்கு வந்தால் கேஸ் தீர்ந்திருந்தது. சமையல் பாதியில்தான் சிலிண்டர் தீரும் என்பது உலகப் பொது விதி, கிள்ளானிலும் அப்படித்தான். ஏகாம்பரம் வந்து சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். இந்த மனிதர் எதையும் கடைசிச் சொட்டு பார்க்காமல் விடமாட்டார் என்று தெரிந்துகொண்டேன். புதுச் சிலிண்டருக்குப் பதிவு செய்தாயிற்று, எப்போது வரும் என்பது அதைக் கொண்டுவருகிறவருக்கு மட்டுமே தெரியும். குமுதா கவலைப்படாமல் கொல்லையில் விறகு அடுப்பை மூட்டினாள். கடைக்கான ஒத்திகையாகக் காஞ்சிபுரம் இட்லி அவித்தாள். மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் சேர்த்த மாவை மந்தாரை இலை விரித்த டம்ளர்களில் ஊற்றி அவித்து, கவிழ்த்து எடுத்தாள். இலை வாசனையும் நெய் வாசனையும் சேர்ந்து எழுந்தபோது, பல்லியிடம் கேட்ட வரம் பலிக்குமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கிள்ளானில் நாங்கள் காலையில் ரொட்டிச் சானாய் என்கிற பரோட்டாவைப் பிய்த்துப்போட்டுப் பசியாறுகிறவர்கள். அந்த இட்லியைத் தின்றபோது என் மீதே எனக்கு இரக்கம் வந்தது.

திறப்பு விழா அமாவாசையன்று. ஏன் அமாவாசை என்று கேட்டேன். அந்தப் பக்கத்தில் அது நிறைந்த நாளாம், புதிதாக எது தொடங்கினாலும் அன்றைக்குத் தொடங்குவார்களாம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் குமுதாவிடம் இருந்தது. காஞ்சிபுரத்தில் தறிக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை அல்ல, அமாவாசை. அன்று யாரும் நெய்ய மாட்டார்கள். தெருவே வீட்டில் இருக்கும். இருக்கிறவர்கள் எல்லாரும் கடைக்கு வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரி, எதிர் வீட்டுக்காரர், பூக்காரி என்று கேட்டவர்கள் அத்தனை பேரும் அருமையான யோசனை என்று தலையாட்டியிருக்கிறார்கள். நானும் ஆட்டினேன்.

மூன்றாம் நாள் காலையில் கண் விழித்ததும் ஏதோ குறைகிறதே என்று இருந்தது. தறிச் சத்தம். தெரு முழுவதும் அப்படி ஒரு அமைதி. குமுதா எனக்கு வெகு முன்பே எழுந்து சமையலை முடித்திருந்தாள். டம்ளர் இட்லி, புளியோதரை, தயிர்சாதம், பூசணிக்காய்ச் சாம்பார். அமாவாசை என்பதால் வெங்காயம், பூண்டு சேர்க்கவில்லை. ஏகாம்பரம் குளித்து, தன் அப்பா அம்மாவுக்குப் படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்தார். காக்கை உடனே வந்து சாப்பிட்டது. பலகையை மாட்டினார்கள், கற்பூரம் ஏற்றினார்கள், தேங்காய் உடைத்தார்கள். நான் கூடை நிறைய மந்தாரை இலைகளைத் துடைத்து அடுக்கினேன்.

காக்கைக்குப் பிறகு யாரும் வரவில்லை.

முதலில் சிரித்துக்கொண்டு இருந்தோம். பிறகு தெருவை எட்டி எட்டிப் பார்த்தோம். ஆட்கள் இல்லாமல் இல்லை. எல்லா வீட்டிலும் ஆட்கள். எல்லா வீட்டிலிருந்தும் வடை வேகும் வாசனை, பாயசத்தில் முந்திரி விழும் வாசனை. உச்சி வெயில் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு பாத்திரத்தை மூடிக்கொண்டு வந்தாள். முதல் வாடிக்கையாளர் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். அவள் வாங்க வரவில்லை. அமாவாசை வடை, நம்ம வீட்டுது, சாப்பிடுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்து எதிர்வீட்டிலிருந்து பாயசம் வந்தது. அப்புறம் இன்னொரு வீட்டு வடை. சாப்பாட்டுக் கடை திறந்தவளுக்குத் தெருவே சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது வடைப் பாத்திரத்தைக் கையில் வாங்கியபோதுதான் குமுதாவுக்கு உறைத்தது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"அமாவாசைக்கு எவங்கா வெளிய சாப்புடுவான்? நானே சாப்புட மாட்டேனே" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இருவரும் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தோம். வீட்டில் எல்லாரும் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டவள், ஏன் இருப்பார்கள் என்று யோசிக்கவில்லை. நிறைந்த நாளுக்கு வீட்டில் சமைத்து, படைத்து, காக்கைக்கு வைத்துவிட்டுத்தானே சாப்பிடுவார்கள். இது அவளுக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து தெரியும். தலையாட்டிய அத்தனை பேருக்கும் தெரியும். நல்ல நாள் என்றதும் ஒருவருக்கும் மற்றது தோன்றவில்லை. சிரித்து முடித்ததும் அவள், நான் அடுக்கி வைத்திருந்த இலைகளில் ஒன்றை எடுத்து மறுபடி துடைத்தாள். பிறகு மெல்ல, அண்ணன் கடையில் இன்னும் அந்தப் பழைய கிரைண்டர்தான் இருக்கிறதா என்று கேட்டாள்.

நான் வந்த காரியம் முடிந்துவிட்டது. பல்லி வரம் கொடுத்துவிட்டது. குதிக்க வேண்டியவள் நான், ஆனால் அழுகை வந்தது. பாழாய்ப்போன பல்லி!

ஏகாம்பரம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை. முதல் போணி ஆகட்டும், பிறகு சாப்பிடுகிறேன் என்று பிடிவாதமாக இருந்தார். பேருந்து நிலையத்துக்குப் போய் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மொபெட்டை எடுத்தார். வண்டி கிளம்பவில்லை. படுக்கவைத்தார். அப்போதும் கிளம்பவில்லை. நூறு ரூபாய்ப் பெட்ரோல் ஆவியாகிவிட்டது. தள்ளிக்கொண்டே பங்குக்குப் போனார்.

போனவர் போனவர்தான். நேரமாக ஆக எனக்குக் கவலையாகிவிட்டது. குமுதா இட்லியும் புளியோதரையும் இலையில் கட்டி, எங்கே நின்றாலும் இதை அவர் வாயில் போட்டுவிட்டு வாருங்கள் என்று என்னை அனுப்பினாள்.

முக்கு திரும்பியதும் அசந்துபோனேன். பங்கிலிருந்து வெளியே வந்து, சாலையோரமாக வளைந்து, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வண்டிகள். டேங்கர் லாரிகள் நாளையிலிருந்து ஓடாது என்று யாருக்கோ போனில் செய்தி வந்து, அது ஊர் முழுவதும் பரவியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள், சுற்றுலாக்காரர்களைக் கோயில் கோயிலாக ஏற்றித் திரிகிற டாக்சிக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், கேன்களோடு வந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள். என் ஆட்டோ சொற்பொழிவாளரும் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். நகர்ந்தால் இடம் போய்விடும் என்பதால் சாப்பிடப் போக ஒருவருக்கும் வழியில்லை.

ஏகாம்பரம் வெயிலில் வாடி, வரிசையின் முன்பக்கத்துக்கு வந்திருந்தார். அவருக்கு முன்னால் சில வண்டிகள்தான். பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். நெய்யும் மிளகும் மந்தாரை இலையும் சேர்ந்த அந்த வாசனை வரிசையில் பரவியது. அவர் கை நீட்டவில்லை. போணி ஆகவில்லை, நான் சாப்பிட மாட்டேன் என்றார். நான் கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டிவிட்டார்.

அவருக்குப் பின்னால் ஸ்கூட்டரில் இருந்த பாய் ஒருவர், ஜரிகை வியாபாரம் செய்கிறவர், இந்தத் தகராறைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ சாப்புடலன்னா எனக்குக் குடு பா. பசி உயிர் போவுது. சும்மா வேணாம், காசு தரேன்" என்றார்.

ஏகாம்பரம் பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கினார். பிறகு அதை அவரிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குமுதா வீட்டுச் சாப்பாடு கடையின் முதல் போணி, கடைக்காரியின் புருஷனுக்குக் கட்டிக் கொடுத்த சாப்பாடுதான்.

பாய் இட்லியைக் கடித்தார். இன்னொரு கடி. பிறகு வாய் நிறைய வைத்துக்கொண்டு பின்னால் திரும்பி ஏதோ சொன்னார். அவ்வளவுதான். எங்கே வாங்கியது, எங்கே வாங்கியது என்று நாலு பக்கமும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பேசாத ஏகாம்பரத்துக்கு அப்போது எங்கிருந்துதான் குரல் வந்ததோ!

"எங்க வீட்ல ஆக்குனதுபா. அந்த முக்குலதான் கடை. நில்லுங்க, இப்பவே எடுத்துக்கினு வரேன்" என்றார்.

மொபெட்டின் கைப்பிடியை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். இவ்வளவு நேரம் வெயிலில் நின்று பிடித்த இடத்தை விட்டுவிட்டு ஓடுகிறாரே என்று நான் கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தெரு முக்கிலிருந்து ஒரு ஊர்வலம் வந்தது. தலையில் கூடையோடு குமுதா. அவள் பின்னால் ஏகாம்பரம் அண்டாவோடு. அவர் பின்னால் வடை கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரி, பாயசம் கொடுத்த எதிர்வீட்டுத் தம்பதி, இன்னும் யார் யாரோ பொட்டலங்களோடும் தண்ணீர்க் குடத்தோடும். தறிக்கு விடுமுறை, தெருவே சும்மா இருந்தது, தெருவே வந்துவிட்டது. வண்டி வண்டியாகப் போய்க் கொடுத்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் கவிழ்த்து, அதன் மேல் இலையை வைத்துச் சாப்பிட்டார்கள். டாக்சிக்குள் இருந்த வடநாட்டுக் குடும்பம் ஒன்று ஜன்னல் வழியாகக் கையை நீட்டி இரண்டாம் முறை கேட்டது. அது ஏதோ நல்ல பதார்த்தம், ஆனால் அளவு சின்னது என்று அந்த அம்மா இந்தியில் குறைப்பட்டுக்கொண்டதாக டாக்சிக்காரர் மொழிபெயர்த்தார்.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? மலேசியக் குடிமகள், காட்டன் புடவையும் விளையாட்டுக் காலணியுமாக, ஓடாத ஒரு மொபெட்டைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தேன். என் முறையும் வந்தது. பழக்க தோஷம், நானே போய்க் குழாயைப் பிடித்துவிட்டேன். பங்க் பையன் பதறிப்போய் அதை என் கையிலிருந்து பிடுங்கினான்.

எவ்வளவுக்கு என்று கேட்டான்.

"ஃபுல் டேங்க்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான், மொபெட்டைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். பின்னாலிருந்து பாய் கைதட்டினார். பெட்ரோல் மேலே ஏறி ஏறி வாய்வரை வந்து டக்கென்று நின்றது. என் பையிலிருந்து பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தேன். காஞ்சிபுரத்தில் நான் செய்த ஒரே ஆடம்பரச் செலவு அது. புடவைகூட அப்புறம்தான்.

சாயங்காலத்துக்குள் அண்டா காலி, கூடை காலி, இலைகளும் தீர்ந்துவிட்டன. கொட்டகையில் மூன்று பேரும் உட்கார்ந்தபோது எங்களுக்குச் சாப்பிட மிச்சமிருந்தவை தெரு கொடுத்த வடையும் பாயசமும்தான். ஏகாம்பரம் அன்றைய முதல் வாயை அப்போதுதான் வைத்தார். பங்கிலிருந்து ஓட்டிவந்த மொபெட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். டேங்க் நிறைந்ததில் வண்டி கனமாக இருக்கிறதாம். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

குமுதா சிரிக்கவில்லை. அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிகள் ஓடாது என்பது வெறும் புரளி, யாரும் நம்ப வேண்டாம் என்று வந்திருந்தது.

"இன்னிக்கு ஓடுனது கடை இல்லக்கா, அந்த வரிசை" என்றாள். "நாளைக்கு பங்க்ல ஈ கூட இருக்காது. தெருவும் தறிக்குப் போயிடும். ஒரு நாளு ஓடுனத வச்சு நான் இன்னான்னு முடிவு பண்றது?"

நியாயமான கேள்வி. கல்லாவில் உட்கார்ந்து பழகிய எனக்கும் அது தெரியும். ஒரு நாள் வியாபாரத்தை நம்பி யாரும் கடை நடத்த முடியாது. வா, என்னோடு வந்துவிடு என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. வாயைத் திறந்தேன். ஏகாம்பரம் முந்திக்கொண்டார்.

அவர் எழுந்து தறிக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. கையிலிருந்த வடையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ அங்க இருந்த வரைக்கும் ஒரு அமாவாசைக்கும் நான் தறிய நிறுத்தல. தெருவே லீவு விடும். நான் மட்டும் கதவ சாத்திக்கினு நெய்துக்கினு இருப்பேன். லீவு விட்டு இன்னா பண்றது? வீட்ல யாரு இருக்கிறாங்க?" என்றார்.

குமுதா அவரையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

"கடை ஓடலன்னா வேற ஏதாவது பாத்துக்கலாம். போவாத" என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மறைப்பதற்காக ஒரு வடையை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன். அப்போது பார்த்து என் போன் அடித்தது. அண்ணன். கடை மூடியிருப்பார், என்ன ஆயிற்று என்று கேட்கத் துடித்துக்கொண்டிருப்பார். நான் எடுப்பதற்குள் குமுதா கையை நீட்டி, நானே பேசுகிறேன் என்று வாங்கிக்கொண்டாள். எழுந்து நின்று பேசினாள். கிள்ளானிலும் அண்ணனிடம் பேசும்போது எழுந்து நின்றுதான் பேசுவாள்.

"மொதலாளி, நான் குமுதா. நல்லா இருக்கேன். கடை தெறந்துட்டேன். இல்ல மொதலாளி, நான் வரல. ஓடுமான்னு தெரியாது." கணவரை ஒருமுறை பார்த்தாள். "ஓடலன்னாலும் வரல."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, நாளைக்கு அரிசி ஊறவைக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டாள். ஏகாம்பரமும் பின்னாலேயே எழுந்து போனார். காதில் வைத்தேன். உன்னை எதற்குடி அனுப்பினேன் என்று அண்ணன் கத்திக்கொண்டிருந்தார். வாய் நிறைய வடை இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.